ஸ்பானிய இறந்தகாலம்: தில்லித் தமிழர் எந்த வடிவத்தில் தொடங்குவது நல்லது?

ஸ்பானிய மொழியில் நிகழ்காலத்தை ஓரளவு கையாளத் தெரிந்துகொண்ட ஒருவர் இறந்தகாலத்துக்கு வரும்போது, ஒரே வினைக்கு மூன்று வடிவங்கள் அவர்முன் வந்து நிற்கின்றன. எடுத்தல், பருகுதல், வண்டி பிடித்தல் என்ற பொருள்களில் அன்றாடம் வழங்கும் 'தொமார்' என்ற ஒழுங்கான வினையை எடுத்துக்கொண்டால், காபி குடித்ததைச் சொல்ல 'தொமே கஃபே' எனலாம். 'தொமாப கஃபே' எனலாம். 'ஏ தொமாதொ கஃபே' என்றும் சொல்லலாம். மூன்றும் பிழையற்ற ஸ்பானியமே. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் மாறிவிடும், அல்லது கேட்பவர் காதில் உறுத்தும். இவற்றுள் எதை முதலில் பயில்வது என்பதில் பாடநூல்களே ஒத்துப்போவதில்லை. ஸ்பெயினில் அச்சாகும் நூல்கள் பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்குகின்றன. அமெரிக்க நூல்கள் முதலாவதில் தொடங்கி இரண்டாவதற்குச் செல்கின்றன. ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு மையமாக ஹனுமான் ரோடில் உள்ள செர்வாந்தெஸ் நிலையம் பின்பற்றும் பாடத்திட்டம் மூன்றையும் ஏ2 என்ற ஒரே நிலையிலேயே, அதாவது தொடக்கநிலையின் இரண்டாம் படியிலேயே, வைத்திருக்கிறது. ஆகவே, வகுப்புக்குப் போனாலும் வீட்டிலிருந்தே படித்தாலும், எதில் அதிக உழைப்பைச் செலுத்துவது என்ற முடிவு கற்பவரிடமே வந்து சேர்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தில்லியில் வாழும் தமிழர், குறிப்பிட்ட காரணம் வேறொன்று இல்லாத வரை, 'தொமே' வகையில்தான் தொடங்க வேண்டும். அது கைவந்தவுடன், நாள் கடத்தாமல், 'தொமாப' வகையை அதனோடு சேர்த்துப் பயில வேண்டும். 'ஏ தொமாதொ' வகை எளிதாக இருப்பதாலேயே அதைக் கடைசியில் வைக்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு முன் இரண்டு செய்திகளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. முதலாவது, பெயர்கள் பற்றியது. 'தொமே' என்பதை வகுப்பில் 'இந்தெஃபினீதொ' என்பார்கள். அதே வடிவம் வேறு நூல்களில் வேறு பெயர்களில் வரும். வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்த்ரேஸ் பேயொ, 1847-இல் வெளியிட்ட தம் இலக்கணத்தில் இதை வெறுமனே 'ப்ரெதேரிதொ' என்றே அழைத்தார். மற்ற இரண்டுக்கும் அவர் தனிப்பெயர்கள் சூட்டினார். மெக்சிகோவின் பள்ளி இலக்கணங்கள் அந்தப் பெயர்களை இன்றும் வழங்குகின்றன. ஒரே வடிவத்தை நான்கு பெயர்களில் கேட்டுக் குழம்புவதைத் தவிர்க்க, இங்கே முடிந்த இறந்தகாலம், தொடர் இறந்தகாலம், கூட்டு இறந்தகாலம் என்றே முறையே குறிப்பிடுகிறேன். இரண்டாவது, எழுத்து பற்றியது. ஸ்பானியத்தில் குறில், நெடில் என்ற வேறுபாடு இல்லை. சொல்லில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. அழுத்தம் பெறும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதினால் தமிழ் எழுத்திலேயே அந்த வேறுபாட்டைக் காட்டிவிடலாம். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தனித்தனியே இருப்பதால் தமிழில் இது இயல்பாகவே அமைகிறது. அந்த முறையையே இங்கே பின்பற்றியிருக்கிறேன்.

முடிந்த இறந்தகாலத்தின் ஆறு வடிவங்கள் இவை: நான் 'தொமே', நீ 'தொமாஸ்தெ', அவன், அவள் அல்லது மரியாதைக்குரிய நீங்கள் 'தொமோ', நாங்கள் 'தொமாமொஸ்', ஸ்பெயினில் மட்டும் நண்பர்கள் பலரை விளிக்கும் 'தொமாஸ்தெய்ஸ்', அவர்கள் 'தொமாரொன்'. உண்ணுதலைக் குறிக்கும் 'கொமேர்' என்ற வினை கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியேரொன் என நடக்கும். ஏறுதலைக் குறிக்கும் 'ஸுபீர்' என்பதும் அதே விகுதிகளையே ஏற்று ஸுபீ, ஸுபீஸ்தெ, ஸுபியோ என்று செல்லும். எனவே ஒழுங்கான வினைகளுக்கு மூன்று வகை வாய்பாடுகள் தேவையில்லை. 'ஆர்' என முடிவனவற்றுக்கு ஒன்று, 'ஏர்', 'ஈர்' என முடியும் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, ஆக இரண்டே போதும். லத்தீன் அமெரிக்காவை மட்டும் மனத்தில் வைத்துப் படிப்பவர் 'ஸ்தெய்ஸ்' என முடியும் வடிவத்தையும் விட்டுவிடலாம். அங்கே பலரை விளிக்கவும் 'அவர்கள்' வடிவமே வழங்குகிறது.

தமிழருக்கு இந்த வடிவம் அந்நியமானது அல்ல. 'குடித்தேன்', 'குடித்தோம்' என்னும்போது நான், நாங்கள் என்ற சொற்களை நாம் விட்டுவிடுவது போலவே, ஸ்பானியரும் 'தொமே', 'தொமாமொஸ்' என்று விகுதியை நம்பியே பேசுகிறார்கள். ஆறு இடங்களுக்கும் ஆறு தனி வடிவங்கள் இருப்பதால் யார் செய்தது என்பதில் ஐயம் எழாது. தன்மை ஒருமையில் தமிழின் 'ஏன்' ஒலிக்கும் இடத்தில் ஸ்பானியத்தின் 'ஏ' ஒலிப்பது தற்செயல்தான் என்றாலும், மனத்தில் நிறுத்த உதவும். வேறுபாடு ஓரிடத்தில் இருக்கிறது: தமிழில் காலத்தைக் காட்டும் இடைநிலை தனியாகவும் இடத்தைக் காட்டும் விகுதி தனியாகவும் நிற்கின்றன, 'தொமே' என்பதிலோ காலமும் இடமும் ஒரே உயிரில் கரைந்துவிடுகின்றன. ஆகையால் இந்த ஆறையும் பகுத்துப் புரிந்துகொள்வதைவிட வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதே பயன் தரும்.

அப்படிப் பழகும்போது மிகுந்த கவனம் வேண்டியது அழுத்தத்தில்தான். 'தோமொ' என்று முதல் அசையை அழுத்தினால் 'குடிக்கிறேன்'. 'தொமோ' என்று இறுதியை அழுத்தினால் 'அவர் குடித்தார்'. 'தோமெ' என்றால் 'எடுத்துக்கொள்ளுங்கள்'. 'தொமே' என்றால் 'எடுத்தேன்'. இடமும் காலமும் வினையின் நோக்கமும் ஓர் அசையின் அழுத்தத்தில் மாறிவிடுவதால், ஏட்டில் மட்டும் பார்த்துக் கற்பவருக்கு இந்த வடிவம் பாதிதான் கிடைக்கும். இன்னொரு சிறு குறையும் உண்டு. 'தொமாமொஸ்', 'ஸுபீமொஸ்' ஆகிய இரண்டும் நிகழ்காலத்திலும் அப்படியே இருக்கின்றன. 'நேற்று' என்ற பொருள்தரும் 'அயேர்' போன்ற ஒரு காலச் சொல்தான் அங்கே பொருளைத் தெளிவாக்கும். 'கொமேர்' வகையில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே நிகழ்காலம் 'கொமேமொஸ்', இறந்தகாலம் 'கொமீமொஸ்'.

இந்த வடிவத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், மிகுதியாக வழங்கும் வினைகள் பலவும் இதில் ஒழுங்கு தவறுகின்றன என்பது. போதல், இருத்தல், செய்தல், சொல்லுதல், வருதல், கொடுத்தல் எல்லாமே அவ்வாறுதான். இந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தைப் பலர் சொல்வதில்லை. நிகழ்காலத்தில் நடுவே உயிர் மாறித் தொல்லை தந்த 'ஆர்', 'ஏர்' வினைகளுள் பெரும்பாலானவை இங்கே ஒழுங்குக்குத் திரும்பிவிடுகின்றன. நினைத்தலைக் குறிக்கும் 'பென்ஸார்', நிகழ்காலத்தில் 'பியேன்ஸொ' எனத் திரியும். இறந்தகாலத்திலோ நேராக 'பென்ஸே' ஆகிவிடும். வெளியேறுதலைக் குறிக்கும் 'ஸலீர்' நிகழ்காலத் தன்மையில் 'ஸால்கொ' எனத் திரிந்தாலும் இங்கே 'ஸலீ' என்றே வருகிறது. வந்து சேர்தல், தேடுதல், தொடங்குதல் போன்ற சில வினைகளில் தன்மை ஒருமையின் எழுத்து மட்டும் மாறும், ஒலி மாறாது. எனவே ஒழுங்கான வினைகளைக் கொண்டே ஒருவர் தம் நாளை முழுமையாகச் சொல்லிவிட முடியும்.

ஒரு பயணத்தை எடுத்துப் பார்ப்போம். 'அயேர் தொமே எல் மேத்ரொ என் முனிர்கா, பஹே என் ஹவுஸ் காஸ், கம்பியே தெ லீநெஅ, ஸலீ என் ராஜீவ் சௌக், கமினே உன் போகொ இ கொமீ உன தோசா.' நேற்று முனிர்காவில் மெட்ரோ பிடித்தேன், ஹவுஸ் காஸில் இறங்கினேன், தடம் மாறினேன், ராஜீவ் சௌக்கில் வெளியே வந்தேன், கொஞ்சம் நடந்தேன், ஒரு தோசை சாப்பிட்டேன். ஆறு வினைகள், ஆறும் தன்மை ஒருமை, ஒன்றுகூட ஒழுங்கு தவறவில்லை. ஒன்று முடிந்து அடுத்தது நடந்தது என்ற வரிசையை இந்த வடிவமே உணர்த்திவிடுகிறது. இதே வாக்கியத்தைத் தொடர் இறந்தகாலத்தில் 'தொமாப', 'பஹாப', 'கம்பியாப' என்று மாற்றினால், அது அன்றாடம் போய்வந்த பழைய நாள்களைப் பற்றிய பேச்சாகிவிடும். 'நேற்று' என்ற சொல் அங்கே பொருந்தாது. கூட்டு இறந்தகாலத்தில் மாற்றினாலோ, நேற்றைய செய்திக்கு அதை ஆள்வது பொது வழக்குக்கு ஒவ்வாது. கதை சொல்லவும் நேர்காணலில் படிப்பையும் வேலையையும் விவரிக்கவும் இந்த முதல் வடிவம் இல்லாமல் தீராது என்பதே, இதை முன்வைப்பதற்கு என் முதன்மையான காரணம்.

தொடர் இறந்தகாலம் வடிவத்தில் மிக எளியது; தமிழ் இலக்கணம் படித்தவருக்கு மூன்றிலும் நெருக்கமானதும் இதுவே. தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபைஸ், தொமாபன் என்று வரும்போது, நடுவில் நிற்கும் 'ப' காலத்தைக் காட்ட, அதன்பின் வரும் 'மொஸ்', 'ன்' ஆகியவை இடத்தைக் காட்டுகின்றன. பகுதி, இடைநிலை, விகுதி என்று நாம் பள்ளியில் பிரித்த முறையிலேயே பிரிக்கலாம். மற்ற இரு வகைகளுக்கும் கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ் என்ற ஒரே வாய்பாடு. ஸ்பானிய மொழி முழுவதிலும் இந்தக் காலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் மூன்றே: இருத்தல், போதல், காணுதல். தன்மையும் படர்க்கையும் ஒருமையில் ஒன்றாக இருப்பதால், ஐயம் வரும் இடத்தில் 'யோ தொமாப' என்று 'நான்' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அது பெரிய சுமையல்ல.

இவ்வளவு எளிதானதை ஏன் முதலில் வைக்கக் கூடாது? இது தனித்து நிற்கும் வடிவம் அல்ல என்பதே காரணம். பழக்கத்தையும், பின்புலத்தையும், அப்போது நடந்துகொண்டிருந்ததையும் இது சொல்கிறது; அந்தப் பின்புலத்தின்மேல் நிகழ்ந்தது எது என்பதைச் சொல்ல முதல் வடிவம் வேண்டும். 'குவாந்தொ ஸுபீ அல் மேத்ரொ, யொபீய' என்றால், நான் மெட்ரோவில் ஏறியபோது மழை பெய்துகொண்டிருந்தது. 'யொபீய' என்ற இடத்தில் 'யொபியோ' என்று வைத்தால், மழை பெய்து முடிந்த ஒரு தனி நிகழ்ச்சியாகிவிடும்.

ஆயினும் இதைப் பல மாதங்கள் தள்ளிப்போடுவதும் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குத் தமிழ் சார்ந்த ஒரு காரணம் உண்டு. 'வீடு பெரிதாக இருந்தது', 'அம்மாவுக்கு ஹிந்தி தெரிந்தது', 'கரோல் பாகில் வசித்தோம்' என்று நிலைமைகளையும் நாம் சாதாரண இறந்தகாலத்திலேயே சொல்கிறோம். முதல் வடிவம் மட்டும் தெரிந்த தமிழர் இவற்றையெல்லாம் அதிலேயே கொட்டிவிடுவார். ஸ்பானியத்தில் இவற்றுக்கு உரியது பெரும்பாலும் தொடர் இறந்தகாலம். வசித்தலைக் குறிக்கும் 'பிபீர்' என்ற ஒழுங்கான வினையில் இதைத் தெளிவாகக் காணலாம். 'பிபீமொஸ் தியேஸ் ஆஞொஸ் என் கரோல் பாக்' என்றால், கரோல் பாகில் பத்து ஆண்டுகள் வசித்தோம், அந்தக் கணக்கு முடிந்தது என்று பொருள். 'பிபீயமொஸ் என் கரோல் பாக்' என்றால், நாங்கள் அப்போது கரோல் பாகில் இருந்தோம், இனி ஏதோ சொல்லப்போகிறேன் என்று பொருள். கேட்பவர் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். எத்தனை ஆண்டு என்று எல்லை கட்டிச் சொன்னால் முதல் வடிவம், எல்லை கட்டாமல் அக்காலத்துக்குள் நின்று பேசினால் இரண்டாவது என்று கொள்வது பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும். பழக்கத்தைச் சொல்லும்போது மட்டும் தமிழே வழிகாட்டுகிறது: 'சின்ன வயதில் ஞாயிறு தவறாமல் மலை மந்திருக்குப் போவோம், படி ஏறுவோம்' என்று நாம் எதிர்கால வடிவில் சொல்லும் இறந்தகாலப் பழக்கம் அனைத்துக்கும் ஸ்பானியத்தில் 'ஸுபீயமொஸ்' என்ற இந்த வடிவம்தான்.

கூட்டு இறந்தகாலம் கற்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஏ, அஸ், அ, ஏமொஸ், அபேய்ஸ், அன் என்ற ஆறு துணைவினைச் சொற்களைக் கற்று, அவற்றின்பின் 'தொமாதொ', 'கொமீதொ', 'ஸுபீதொ' என்ற மாறாத எச்சத்தைச் சேர்த்தால் வேலை முடிந்தது. செய்தல் 'ஏச்சொ' ஆகும், சொல்லுதல் 'தீச்சொ' ஆகும், எழுதுதல் 'எஸ்க்ரீதொ' ஆகும் என்பது போன்ற சில விலக்குகளைத் தவிர மனப்பாடச் சுமை இல்லை. 'குடித்திருக்கிறேன்' என்பதோடு ஏறக்குறையப் பொருந்துவதால் தமிழர் மனம் இதில் உடனே ஒட்டிக்கொள்கிறது. என் தயக்கமும் அங்கேதான் இருக்கிறது. எளிதில் வந்த இந்த வடிவத்தில் பழகிவிட்டவர், நேற்று நடந்ததையும் போன ஆண்டு நடந்ததையும் இதிலேயே சொல்லத் தொடங்கி, முதல் வடிவத்தின் ஆறு விகுதிகளையும் அவற்றின் அழுத்தத்தையும் கற்கும் உழைப்பைத் தள்ளிக்கொண்டே போகிறார். வகுப்பு நண்பர்களுக்கிடையே அது கண்டுகொள்ளப்படாமல் போகலாம். தேர்வின் எழுத்துத் தாளில் மதிப்பெண் குறையும்.

வழங்கும் நிலப்பரப்பும் இந்த வடிவத்துக்குச் சாதகமாக இல்லை. ஸ்பெயினின் பெரும்பகுதியில், இன்று காலையில் நடந்ததையும் இந்த வாரம் நடந்ததையும் கூட்டு இறந்தகாலத்தில்தான் சொல்வார்கள். ஆனால் அதே நாட்டின் கலீசியாவிலும் அஸ்தூரியாஸிலும் கானரித் தீவுகளிலும் முதல் வடிவமே ஓங்கி நிற்கிறது. ஸ்பானியத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட 20 நாடுகளுள் 18 அமெரிக்கக் கண்டத்தில் உள்ளன. அவற்றின் பெரும்பகுதியில் 'ஏற்கெனவே காபி குடித்துவிட்டேன்' என்பதற்கு 'யா தொமே கஃபே' என்பதே இயல்பான பேச்சு. பொலிவியாவும், பெருவின் ஆண்டீஸ் பகுதியும், அர்ஜென்டினாவின் வடமேற்கும் கூட்டு வடிவத்தை மிகுதியாக ஆள்வதால் இதை முழு விதியாகச் சொல்ல முடியாது. என்றாலும், எங்கே போனாலும் புரிந்துகொள்ளப்படுவதும் பெரும்பாலான இடங்களில் இயல்பாக ஒலிப்பதும் எது என்று கேட்டால், 'தொமே' என்பதே விடை. அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு வேறு சொல் இருந்தபோதிலும், இறந்தகாலத்தில் அவர்களும் 'தொமாஸ்தெ' என்றே சொல்கிறார்கள் என்பது கூடுதல் வசதி.

தில்லித் தமிழருக்கு, சென்னையில் இருந்துகொண்டு படிப்பவருக்குக் கிடைக்காத ஒரு துணை இருக்கிறது, அது ஹிந்தி. 'சாய் பீ', 'சாய் பீதா தா', 'சாய் பீ ஹை' என்ற மூன்றும் முடிந்த, தொடர், கூட்டு இறந்தகாலங்களுக்கு வியப்பூட்டும் அளவுக்கு நேராகப் பொருந்துகின்றன. குறிப்பாக, தமிழ் தெளிவாகப் பிரிக்காத நிலைமைகளில், ஹிந்தியில் 'தா', 'தே' என்று மனம் இயல்பாகத் தேடும் இடமெல்லாம் பெரும்பாலும் தொடர் இறந்தகாலத்துக்குரிய இடம். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அங்கிருந்து கொண்டுவரக் கூடாது. 'மைநே சாய் பீ ஹை' என்னும்போது வினை, குடித்தவரை விட்டுவிட்டு 'சாய்' என்ற சொல்லின் பெண்பாலைப் பின்பற்றுகிறது. ஸ்பானியத்தில் 'தொமாதொ' எதற்காகவும் மாறாது, முதல் வடிவமோ செய்தவரை மட்டுமே பின்பற்றும்.

இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஸ்பெயினில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, சில மாதங்களில் மத்ரீதுக்கோ பார்ஸெலோனாவுக்கோ புறப்படுபவர் கூட்டு இறந்தகாலத்தை முன்னால் கொண்டுவரலாம். விடுதியிலும் கடையிலும் அன்றைய நாளைப் பற்றிய பேச்சுதான் முதலில் தேவைப்படும். வகுப்பில் ஏற்கெனவே அந்த வடிவத்தில் தொடங்கிவிட்டவர் வகுப்போடு முரண்பட வேண்டியதில்லை. வீட்டில் செய்யும் பயிற்சியை முதல் வடிவத்துக்கு ஒதுக்கினால் போதும். குருகிராம், நொய்டா நிறுவனங்களில் வாடிக்கையாளர்களோடு ஸ்பானியத்தில் பேசும் வேலையை எண்ணிப் படிப்பவருக்கோ முதல் வடிவமே வேண்டும். அதிலும் தன்மையைவிடப் படர்க்கை ஒருமையில் கூடுதல் பயிற்சி வேண்டும். நாம் பெரியவர்களையும் அறிமுகமில்லாதவர்களையும் 'நீங்கள்' என்பது போல அவர்கள் 'உஸ்தேத்' என்பார்கள். அதற்கு வருவது படர்க்கை வினை. 'மின்னஞ்சல் வந்ததா?' என்று கேட்க 'ரெஸிபியோ உஸ்தேத் எல் கொர்ரேயொ?' என்றும், 'எத்தனை மணிக்கு அழைத்தீர்கள்?' என்று கேட்க 'ஆ கே ஓர யமோ உஸ்தேத்?' என்றும் அவர் நாள்தோறும் சொல்லப்போகிறார். பெறுதலைக் குறிக்கும் 'ரெஸிபீர்', அழைத்தலைக் குறிக்கும் 'யமார்', அனுப்புதலைக் குறிக்கும் 'மந்தார்', செலுத்துதலைக் குறிக்கும் 'பகார்', வாங்குதலைக் குறிக்கும் 'கொம்ப்ரார்' ஆகியவற்றின் 'ஓ', 'இயோ' முடிவுகளை, இறுதி அசையை அழுத்தி உரக்கச் சொல்லிப் பழகுவதிலிருந்து அவர் தொடங்கலாம்.